இம்பால் பிடிமண்

மண் காயவில்லை. இம்பாலில் அள்ளி, விமானத்திலும் ரயிலிலும் மடியிலேயே சுமந்து வந்து ஒரு வாரமாகிறது. சாமியை நிறுவுகிற இடம் சேரும்வரை பிடிமண் தரையைத் தொடக்கூடாது என்பதால், பாண்டிராஜ் கப்பலூர் வீட்டில் மின்விசிறியைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியிலேயே மண் கலயத்தைத் தொங்கவிட்டிருந்தான். வைகாசி வெயிலில் அண்டாத் தண்ணீரே கொதிக்கிறபோது, கலயத்தின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்துகொண்டிருந்தது.

"ஏங்க, இதுல தண்ணி ஊத்துனீங்களா?" என்றாள் மனைவி முத்துமீனா.

"நான் ஏன் ஊத்தப் போறேன்?"

"ஃபேனைக் கழட்டிட்டுப் பூட்டனைத் தொங்கவிட்டா, பாவம், அவருக்கும் வேர்க்கத்தான செய்யும்."

சிரித்துக்கொண்டே துடைத்தாள். துடைத்த இடம் மறுபடி நனைந்தது.

தொழிற்சாலைக்குச் சாமான் கொள்முதல் செய்கிறவன் பாண்டிராஜ். சந்தையில் வெண்டைக்காய் வாங்கினாலும் நுனியை ஒடித்துப் பார்க்காமல் கூடையில் போடமாட்டான். அப்படிப்பட்டவன், சொந்தச் சித்தப்பா நீட்டிய சரக்கை மட்டும் புரட்டிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

அப்பா இல்லாத அவனுக்குக் காது குத்தியதும் கல்யாணம் முடித்ததும் காளைச் சித்தப்பாதான். பேரையூர் காட்டில் பட்டாளத்தய்யா என்று ஒரு செங்கல் பீடம் உண்டு. உலகப் போரில் இம்பாலில் செத்ததாகச் சொல்லப்பட்ட பூட்டன் விருமாண்டிக்குக் கட்டியது. "பொணம் வரல, மண்ணும் வரல. சாமி ஆளில்லாத நாற்காலியா கெடக்கு. நீ படிச்சவன், தேடிக் கொண்டா. முதல் மரியாதை உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். முதல் மரியாதை. அந்த ஒரு சொல்லுக்காகப் போர்க்கல்லறைப் பட்டியல்களைத் துழாவி, பட்டாளத்து எண்ணைப் பிடித்து, பணிப் பதிவையும் எழுதி வாங்கினான். ஊர், பேர், வயது எல்லாம் பொருந்தின. ஒன்றுதான் இடித்தது. திருமணமாகாதவர் என்றிருந்தது.

"அப்ப நாமெல்லாம் எங்கருந்து வந்தோம் சித்தப்பு?"

"வெள்ளைக்காரன் கிளார்க்கு தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பான் மகனே" என்று சித்தப்பா சிரித்தார். பாண்டிராஜும் சிரித்தான்.

முத்துமீனா ஈரம் துடைத்ததற்கு மறுநாள், கலயத்தைத் துண்டில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பைக்கில் பீடத்துக்குக் கிளம்பினான். பிடிமண் எடுத்துப் போகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. டி. கல்லுப்பட்டி தாண்டி, இருபுறமும் சீமைக்கருவேல் தவிர ஒன்றுமில்லாத சாலையில், உச்சி வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தபோது, பைக்கின் பின்பக்கம் மெல்ல அமிழ்ந்தது. ஆள் ஏறி உட்கார்ந்தால் அமிழ்வதுபோல. நனைந்த கித்தான் துணியின் வாடை, அழுகிய இலையின் வாடை, அதற்குள் இரும்புக்குப் போடும் எண்ணெயின் வாடை பிடரியில் வந்து தங்கின. கண்ணாடியில் பார்த்தான். காலிச் சாலை. ஆனால் முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. வேர்வை சூடாக அல்லவா இருக்கும்? இது ஜில்லென்றிருந்தது.

பீடத்தருகே மேளம் இல்லை. பொங்கல் பானை இல்லை. தூரத்தில், சாலையோரம், காரின் எஞ்சினை நிறுத்தாமல் சித்தப்பாவும் அவர் மகன் அழகுபாண்டியும் நின்றார்கள். சாமி கும்பிட வந்தவர்கள் செருப்பைக் கழற்றவில்லை.

"மேளம் எங்க சித்தப்பு?"

"வரும்டா. மொதல்ல மண்ணைக் கொட்டிப் பேரைச் சொல்லிக் கூப்புடு."

செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுப் போய்க் கொட்டினான். கூப்பிட்டான். "விருமாண்டி!"

பூச்சிச் சத்தம் நின்றது. அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

"வந்து நிக்கிறவன் விருமாண்டி இல்லடா" என்றார் சித்தப்பா, அங்கிருந்தபடியே. "நம்ம பூட்டன் பட்டாளத்துக்குப் பேரு குடுத்துட்டுப் பயந்துட்டான். கூடக் கூலி வேலை பார்த்த கருப்புங்கிற அநாதப் பயலை, எம் பேருல போய் நில்லு, விடிஞ்சதும் வந்து ஆள் மாத்திக்கிறேன்னு சத்தியம் பண்ணி அனுப்புனான். யாரும் போகல, இம்பால்ல செத்தது அவன்தான். பூட்டன் கம்பத்துப் பக்கம் ஏலத்தோட்டத்துல ஒளிஞ்சு, கெழடு தட்டித்தான் செத்தான்."

"தெரிஞ்சேவா என்னை..."

"விடியக்காலம் என் மவன் எந்திரிச்சு விறைச்சுப்போய் நிக்கிறான்டா. காலெல்லாம் ஈரம். வம்சத்துல ஒருத்தன் வந்து ஆள் மாத்தணும்னு அவன் வாயாலயே கேக்குது. எனக்கு ஒத்தப் பிள்ளைடா."

"அப்ப நான் யாரு சித்தப்பு?"

அழகுபாண்டி தலை நிமிரவில்லை. கார்க் கதவு சாத்தப்பட்டது. புழுதி.

ஓட நினைத்தான். குதிகால்கள் தாமாகச் சேர்ந்தன. கைகள் தொடையோடு ஒட்டின. முகவாய் நிமிர்ந்தது. உள்ளங்காலிலிருந்து ஈரம் ஏறியது. முழங்கால். இடுப்பு. நெஞ்சு. கத்த வாயைத் திறந்தான். வாய் நிறைய மண். ஈர மண்.

பின்னாலிருந்து ஒருவன் அவனைக் கடந்து முன்னே நடந்தான். பாண்டிராஜின் நடை. பாண்டிராஜின் சட்டை. கழற்றி வைத்த செருப்பில் காலை நுழைத்துப் பார்த்தான். சரியாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

அவன் பையில் கைபேசி அடித்தது.

"சொல்லு மீனா." பாண்டிராஜின் குரல். "முடிஞ்சிருச்சு. இந்தா வாரேன். எத்தனை நாளாச்சு வீட்டுச் சோறு தின்னு."

"காலைலதான தின்னீங்க? அய்யாவுக்கு இன்னைக்கு இம்புட்டுப் பாசமா!" அவள் சிரிப்பது வெட்டவெளியில் தெளிவாகக் கேட்டது.

பைக் கிளம்பியது. கப்பலூர்ப் பக்கம் போய் மறைந்தது.

வெயில் நின்று எரிந்தது. வேலியிலிருந்து ஓர் ஓணான் இறங்கி வந்து, விறைத்த காலில் ஏறி, நெஞ்சில் ஏறி, கன்னத்தில் ஏறி, திறந்திருந்த கண்ணின்மேல் குறுக்காக நடந்து போனது. இமை மூடவில்லை.