தூக்கிவிட ஆளில்லாத ஊசி

"பாட்டு முடிஞ்சப்புறமும் ஊசி சுத்திக்கிட்டே இருக்கே, ஏன்ப்பா?" என்று ரெக்கார்டு பிளேயர் ரிப்பேர்காரரின் மகள் ஐந்து வயதில் ஒருமுறை கேட்டாள். பதில் சொன்னது, பக்கத்தில் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்த அவருடைய நண்பர். "யாராவது வந்து தூக்கிவிடுற வரைக்கும் காத்திருக்கும்மா."

அந்த நண்பர் கடைசியாகச் சுற்றிய ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர்கள் இரண்டும் ஒரு தகரப் பெட்டிக்குள் ரெக்கார்டு பிளேயருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவே இருந்தன. அவர் இறந்த மறுமாதம் அவர் மனைவி கொடுத்தனுப்பியவை. ஊசியிலிருந்து வரும் நூலிழைச் சத்தத்தைப் பெரிதாக்குவதுதான் பெட்டியின் வேலை. தானாக எதையும் உண்டாக்காது. புதுச் சுருள் பழக நூறு மணி நேரம் ஓடவேண்டும். ரிப்பேர்காரர் பகலெல்லாம் இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டார். வால்யூம் திருகை நன்றாகக் குறைத்து, அந்த இடத்தில் பென்சில் கோடும் போட்டுவைத்தார்.

ஓட்டத்தின் நாற்பதாவது மணி நேரத்தில் திருகு கோட்டைத் தாண்டியிருந்தது.

"வால்யூமை நீ கூட்டினியா?" என்று மனைவியைக் கேட்டார்.

"தூசி தட்டினாலே வீட்டை ரெண்டாக்குவீங்க. உங்க பொட்டிய நான் ஏன் தொடப்போறேன்?" என்று மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் நம்பவில்லை. மறுநாள் அறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

எழுபதாவது மணி. திருகு இன்னும் ஏறியிருந்தது. தட்டு முடிந்து, கடைசி வரியில் ஊசி டக், டக் என்று சுற்றிக்கொண்டிருக்க, அடியில் ஓடிய மெல்லிய இரைச்சலுக்குள் ஈரமான, நீளமான ஏதோவொன்று மூச்சுபோல ஏறி இறங்கியது. பினாயில் வாடை அடித்தது. ஆஸ்பத்திரித் தரையின் வாடை.

மகள் காய்ச்சலில் கிடந்தபோது நான்கு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் அவரோடு உட்கார்ந்திருந்தவர் அந்த நண்பர். அதே நண்பர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போனில் கேட்டது இவ்வளவுதான்: "வந்து கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரேன்டா." "நாளைக்கு வரேன்" என்றார் ரிப்பேர்காரர். மூன்று நாளும் அதையே சொன்னார். நான்காம் நாள் போன் வரவில்லை.

நூறாவது மணி. பிற்பகல். மனைவி கடைக்குப் போயிருந்தாள்.

ஊசியைத் தூக்கினார். ஸ்பீக்கரில் கேட்ட மூச்சு நிற்கவில்லை.

பிளேயரிலிருந்து பெட்டிக்கு வரும் கம்பியைப் பிடுங்கினார். நிற்கவில்லை.

தானாக எதையும் உண்டாக்காத பெட்டி.

கதவுக்கு ஓடினார். தாழ்ப்பாளில் விரல். பின்னால், மூச்சு திணறியது. யாரோ எழ முயன்று முடியாமல் படுப்பதுபோல்.

ஓட முடிந்தது. ஓடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெட்டியின் மேல் கையை வைத்தார். அவர் உடம்பு வழியே பெட்டி எர்த் ஆனதும் இரைச்சல் அடங்கியது; அது வழக்கம்தான். மூச்சு மட்டும் தெளிவாகக் கேட்டது.

"வந்துட்டேன்டா. உக்காந்துட்டேன்."

மூச்சு நீண்டது. மெதுவானது. அவர் கண்களை மூடி, கடவுளே, இவனைச் சேர்த்துக்கொள் என்றார். மூச்சு நின்றது.

கையை எடுக்கப் போனார். வரவில்லை.

அதன் மேல் சில்லென்ற இன்னொரு கை. ஆள்காட்டி விரலில், செம்புக்கம்பி ஓடி ஓடி அறுத்த பள்ளம். அது அவர் புறங்கையில் பதிந்து, மெல்ல இறுகியது.

அவர் கையை இழுக்கவில்லை.