குழாய்க்குப் பசி

சொட்டிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டைச் சூடாக்கும் பாய்லர் அணைந்து ஆறு மணி நேரமாகிறதே என்று நினைத்தபடி ஆர்னி விரலைத் துடைத்துக்கொண்டான். வெளியே மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. டுலூத் நகரத்து ஏரிக்காற்று நிலவறை ஜன்னலை உலுக்கிக்கொண்டிருக்க, துருவின் வாடையோடு புளித்த பால் நாற்றமும் அவன் தொண்டையில் படிந்தது. தண்ணீரை முழுக்க வடித்து, ஒழுகிய செம்புக் குழாயை அறுத்தும் ஆயிற்று. வெட்டுவாயில் சொட்டு மட்டும் நிற்கவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம், ஆர்னி?" படிக்கட்டின் மேலிருந்து மனைவி மார்லீன் கேட்டாள். "பாப்பாவுக்கு உதடு நீலமாகுது. காரும் கிளம்ப மாட்டேங்குது."

"அரை மணி. அந்த வெள்ளை பிரெட்டக் கீழ தூக்கிப் போடு."

"இப்பப் போய் பசியா?"

"எனக்கில்ல, குழாய்க்கு."

ஈரமிருந்தால் ஈயம் ஒட்டாது. பிரெட்டை உருட்டி அடைத்தால் பற்றவைக்கும்வரை தண்ணீர் நிற்கும், பிறகு சூட்டில் கரைந்துவிடும். குழாய் வேலைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான்.

ஓர் உருண்டையை அடைத்துவிட்டு ஈயம் உருக்கும் காஸ் டார்ச்சைப் பற்றவைக்கத் திரும்பினான். உருண்டையைக் காணோம். இரண்டாவதை வைத்தான். கண்ணெதிரே உள்ளே போயிற்று. ஏதோ விழுங்கும் சத்தம். காற்றுதான் என்று சொல்லிக்கொண்டு, மூன்றாவதை விரலால் அழுத்தினான்.

பல்லில்லாத ஈறு ஒன்று விரல் நுனியைக் கவ்விச் சப்பியது.

பிடுங்கிக்கொண்டான். ஓடிவிடலாம் போலிருந்தது. மேலே குழந்தையின் அழுகை மெலிந்து, நின்றது.

மிச்ச பிரெட் முழுவதையும் குழாய்க்குள் திணித்தான். அது விழுங்கி முடிப்பதற்குள் புதுத் துண்டைப் பொருத்தி, ஈயத்தை உருக்கி மூடினான். தண்ணீரைத் திறந்தான். பாய்லர் எரிந்தது. மேலறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் குழாய்கள் சூடேறின.

"ரேடியேட்டர் திருகத் திற," என்று கத்தினான், பழக்க தோஷத்தில். "உள்ள அடைஞ்ச காத்து போகட்டும்."

"திறந்துட்டேன். பாப்பா தொட்டில அதோட ஒட்டிப் போட்டிருக்கேன், கதகதன்னு இருக்கு."

தலைக்கு மேலே, குழாய் வழியாக, அந்த விழுங்கல் ஏறிப் போனது.

படிகளில் தாவினான். மார்லீன் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்று ஈரத்துணி உதறிக்கொண்டிருந்தாள். "தூங்கிட்டா, சத்தம் போடாத."

குழந்தை விழித்திருந்தது. அதன் கம்பளித் தொப்பி வரிவரியாகப் பிரிந்து, நூல் ரேடியேட்டரின் திருகுத் துளைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பி நாடா தாடைக்கடியில் இறுக முடிந்திருந்தது. ஒரு விழுங்கல். தலை துளையை நோக்கி ஓர் அங்குலம் நகர்ந்தது. இன்னொன்று.