ஏழு காட்டும் கை

மேஸ்திரி கோதண்டத்தின் மணிக்கட்டு வளையில் மறுபடியும் ஐந்து விழுந்துவிட்டது. கம்பி கட்டி முடிந்திருந்தது, கலவை வண்டி வாசலில் வயிற்றைச் சுழற்றியபடி நின்றிருந்தது, ஆட்களும் வந்துவிட்டார்கள். ஆனாலும் "போடு" என்று சொல்ல ஆள் இல்லை. ஆறுக்குக் கீழே இறங்கியவன் மேஸ்திரி வேலை பார்க்கக் கூடாது என்பது சட்டம்.

"ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில பல்லு வெளக்கும்போது லேசா பாத்தேன். அவ்ளோதான், எறங்கிடுச்சு" என்றான் கோதண்டம், மணிக்கட்டைத் தட்டியபடி.

"அத ஏண்ணே பாக்குற? பாக்காம இருந்தா அது பாட்டுக்கு நிக்கும்ல" என்றாள் சித்தாள் அற்புதம்.

"கையில வாட்ச கட்டிக்கிட்டு மணி பாக்காம இருந்துடுவியா நீ?"

எல்லோரும் சிரித்தார்கள். கம்பி கட்டும் தவமணி மட்டும் சிரிக்கவில்லை. சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண்பிள்ளைச் சட்டையின் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் வளையும் ஐந்துதான் காட்டிக்கொண்டிருந்தது. இன்று மத்தியானம் பருவ நிலையத்தில் அதைக் காட்டியாக வேண்டும்.

ஒரகடத்தைத் தாண்டி, மேம்பாலத்துக்குத் தூண் வார்க்கும் களம் அது. வேலைக்கு வரும் எவரும் பருவவளை இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. மனிதன் வளர்வதை எட்டுப் பருவமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியை உளவியல்காரர்கள் எந்தக் காலத்திலோ எழுதி வைத்திருந்தார்கள். இவர்களை நம்பலாமா என்பது கைக்குழந்தையின் கேள்வி. நான் யார் என்பது மீசை அரும்புகிற வயதின் கேள்வி, ஐந்தாம் பருவம். எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு, என்னை நம்பி இருப்பவர்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பது ஏழு. நாடித் துடிப்பையும் வியர்வையையும் தூக்கத்தையும் வைத்து, ஆளுக்குள் எந்தக் கேள்வி ஓடுகிறது என்று வளை கண்டுபிடித்துவிடும். அது வந்தபின் வயதுக்கு மரியாதை போய்விட்டது. ஓட்டுப் போட, வண்டி ஓட்ட, கல்யாணம் கட்ட, எல்லாவற்றுக்கும் எண்தான். பிள்ளை வளர்க்க ஏழு வேண்டும்; வருசா வருசம் அதை நிலையத்தில் காட்டிப் பதிய வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு ஊர் மெல்ல மெல்ல ஐந்துக்கு இறங்கியது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஏழு வரவழைத்துத் தருகிறோம் என்று தெருவுக்குத் தெரு வகுப்பு நடத்தினார்கள். அதில் சேர்ந்தவர்கள் இன்னும் சீக்கிரம் இறங்கினார்கள்.

தவமணியின் தங்கை போன வருசம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். தங்கை மகள் பூவிழியைக் காப்பகத்துக்குக் கொண்டு போனபோது, தவமணி நேரே நிலையத்துக்குப் போய்க் கையை நீட்டினாள். ஏழு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது பூவிழிக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு; பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் போல அவள் கையிலும் ஒரு சின்ன வளை. இன்று ஐந்து என்று பதிவானால் பிள்ளை திரும்பக் காப்பகத்துக்குப் போய்விடும்.

மத்தியானம் பள்ளியிலிருந்து பூவிழியை அழைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். அதிகாரி பரிமளா மேடம் வளையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவருடைய மணிக்கட்டில் ஒரு கைக்குட்டை சுற்றியிருந்தது.

"அஞ்சு காட்டுதேம்மா. எப்பலேருந்து?"

"போன வாரத்துலேருந்து மேடம். ஸ்கூல்ல அம்மாவப் பத்தி எழுதிட்டு வரச் சொன்னாங்களாம். இவ என் பேரப் போட்டு எழுதிட்டு, இன்னும் ஒரு வரி வேணும், என்ன எழுதட்டும்னு என்னையே கேட்டா. எனக்கு ஒண்ணும் சொல்ல வரல. அன்னியிலேருந்து உள்ள ஓடிக்கிட்டே இருக்குது. நான் இவளுக்கு அம்மாதானா, நல்லாத்தான் வளக்குறேனான்னு."

"நான் யாருங்கற கேள்விதான் அது. அதனாலதான் அஞ்சு." மேடம் குரலைத் தாழ்த்தினார். "விதிப்படி பிள்ளைய அனுப்பணும்மா."

தவமணி நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் கம்பி கட்டுறவ. கை பாட்டுக்குக் கட்டும். இன்ஜினியர் வந்து பக்கத்துல நின்னு பாத்தார்னா கொக்கி வழுக்கும். சரியா கட்டுறோமான்னு கையையே பாக்க ஆரம்பிச்சுடுவேன். இந்த வளைய மாட்டி, எல்லாரையும் அவங்கவங்க கையையே பாக்க வெச்சுட்டீங்க. அப்புறம் ஊரு பூரா நான் யாருன்னு கேக்குதுன்னா, கேக்காம என்ன செய்யும்? அதுவும் போவட்டும். நல்லா வளக்குறேனான்னு ஒரு நாளும் கேக்காதவ, என்னத்த மேடம் வளப்பா?"

"எங்களுக்கு மட்டும் தெரியாதாம்மா? இதே விசயத்தத்தான் அறிக்கையா எழுதி மேல அனுப்பினேன். அஞ்சுல இருக்கறவ எழுதின அறிக்கை செல்லாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

சொன்ன பிறகுதான் மேடம் நாக்கைக் கடித்துக்கொண்டார். தவமணி கைக்குட்டையைப் பார்த்தாள். பிறகு திரும்பி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கணினி முன் இருந்தவர், டீ கொண்டுவந்தவர், வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் என்று ஒருவர் விடாமல் மணிக்கட்டில் கைக்குட்டை சுற்றியிருந்தார்கள்.

"அஞ்சு எழுதின அறிக்கை செல்லாதுன்னா, அஞ்சு போடுற உத்தரவு மட்டும் எப்படி மேடம் செல்லும்?"

"நான் போடுறதில்லம்மா. இந்தப் பதிவுக்கருவி, அறையில இருக்கற வளையிலயே உசந்த எண்ணத் தேடிப் பிடிக்கும், அது ஏழா இருந்தாத்தான் அவங்க கைரேகையக் கேக்கும். எங்க வாட்ச்மேன் ஏழுல இருந்தாரு. அவர வெச்சு ஓட்டிக்கிட்டிருந்தோம். இந்தக் கட்டடத்துலயே நீங்க ஒருத்தர்தான் ஏழுன்னு யாரோ அவர்கிட்ட சொல்லிட்டாங்க."

"எறங்கிட்டாரா?"

"மறுநாளே. இப்பல்லாம் வாசல்ல கண்ணாடி முன்னாடிதான் நிக்கிறாரு."

"அப்படின்னா பொத்தான அழுத்துங்க. யாரக் கேக்குதுன்னு பாப்போம்" என்றாள் தவமணி. கருவி யாரையும் கண்டுபிடிக்கப் போவதில்லை, உத்தரவும் பதிவாகாது, பிள்ளையோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது.

மேடம் அழுத்தினார். கருவியின் பச்சைப் புள்ளி சுவர் ஓரமாக நகர்ந்து ஒவ்வொரு மணிக்கட்டையும் முகர்ந்து பார்ப்பதுபோல் போனது. எங்கும் நிற்கவில்லை. கடைசியில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அங்கே பூவிழி, டம்ளர் நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் இருக்க அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தாள்.

"உயர்ந்த பருவம் ஏழு. பெயர் பூவிழி" என்றது கருவி.

பூவிழி டம்ளரைத் தவமணியிடம் நீட்டினாள்.

"குடி பெரிம்மா. காலையிலயும் நீ சாப்புடல. ஒரு வாரமா சரியாவே சாப்புடல. ராத்திரியெல்லாம் நீ தூங்கிட்டியான்னு நான் தொட்டுத் தொட்டுப் பாத்தேன்."

தவமணி வாங்கிக் குடித்தாள்.

"இரு நபர்கள் ஒரே வீட்டில் வசிக்கிறார்கள்" என்று கருவி தொடர்ந்தது. "விதிப்படி உயர்ந்த பருவத்தினர் தாழ்ந்த பருவத்தினரை வளர்க்கலாம். பூவிழி அவர்களே, தவமணியை வளர்க்கச் சம்மதமா?"

பரிமளா மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத நான் தடுக்க முடியாது. எனக்கு அதிகாரம் இல்ல" என்றார், ரொம்ப நிம்மதியாக.

"பெரிம்மாவ எங்கூடவே வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள் பூவிழி.

"அதத்தான் கேக்குதுடி. விரல வை."

பூவிழி எக்கி நின்று, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு விரலை வைத்தாள். பதிவாகிவிட்டது. அடுத்து வரிசையில் நின்றிருந்த பெண் எட்டிப் பார்த்து, "மேடம், என் பையனையும் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?" என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர் அதற்குள் யாருக்கோ போன் போட்டுவிட்டார்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். சட்டம் போட்டவர்களின் வீட்டிலும் இந்நேரம் யாரோ ஒரு பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருக்கும் என்று தவமணி நினைத்தாள். இனி அவர்களையும் அந்தப் பிள்ளைகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூவிழி தன் வளைமேல் இருந்த சட்டைக் கையை மெல்ல மேலே ஏற்றினாள்.

"பெரிம்மா, நான் உன்ன நல்லா..."

தவமணியின் காய்ப்பேறிய உள்ளங்கை அந்தச் சின்ன வளையின்மேல் விழுந்து மூடிக்கொண்டது.

"அதப் பாக்காத கண்ணு. அங்க பாரு, பஸ் வருது."

பஸ் எதுவும் வரவில்லை. இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.