நீலத் துணி சுற்றிய விரல்கள்

தாழ்ப்பாள் விலகுவதற்கு முன்பே வார்டன் மயிலாளின் குரல் வேஸ்ட் ரூமுக்குள் வந்துவிட்டது.

“ஏனுங்க நர்ஸம்மா, மூணு புள்ளைங்க ஆஸ்பத்திரில கண்ணு மஞ்சளாகிக் கெடக்குதுங்க. ஆஸ்டல்ல நாப்பது பேரும் ஒரே சோறுதானுங்க. இந்த மூணு பேருக்கு மட்டும் இவ கசாயம் வெச்சுக் குடுத்திருக்கறா. என்னத்தக் கலந்தாளோ! போலீசு வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு உள்ள போட்டிருக்கறனுங்க.”

சிவகங்கைப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்து எட்டு மாதமான ஜோதிகா, துணி வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்றுக் காலையிலிருந்து அவளுக்கு இந்த நாலு சுவர்தான் உலகம். அவளுடைய போன்கூட மயிலாளிடம்.

கதவு திறந்தது. செவிலியர் சாமியாத்தாள் நிதானமாக உள்ளே வந்தார். பின்னாலேயே புதிதாக வேலைக்கு வந்த சுகாதார ஆய்வாளர் வேல்குமார்.

“கசாயத்த லேபுக்கு அனுப்பிரலாங்களாக்கா?” அவன் பேனாவைத் திறந்தே வைத்திருந்தான்.

“பொறு தம்பி. கண்ணு, கசாயம் எப்பக் குடுத்தே?”

“காய்ச்சல் வந்த பெறகுதான்க்கா. மேலு வலிக்குதுன்னு அழுதாளுக.”

“காய்ச்சல் முந்தி, கசாயம் பிந்தி. அப்பக் கசாயம் எப்படிக் காரணமாகும்? சோறுன்னா நாப்பது பேருமல்ல படுத்திருக்கணும்?”

சாமியாத்தாள் மயிலாளைப் பார்த்துத் தொடர்ந்தார்.

“மூணு பேரையும் பாத்துட்டுத்தானுங்க வர்றேன். மஞ்சளான கண்ணு செவந்தும் இருக்குது, கெண்டைக்காலத் தொட்டா அலறுதுங்க. மூணு பேருக்கும் இடது கை ஆள்காட்டி விரல்ல காயம், அதுல நீலப் பனியன் துணி.”

“பிசிறு வெட்டற புள்ளைங்களுக்கு டிரிம்மர் கத்திரி படறது சகஜந்தானுங்களே?” என்றாள் மயிலாள்.

“காயம் சகஜம். துணி?” சாமியாத்தாள் மழை ஒழுகிய மூலையில் குந்தி, ஒரு மூட்டையைப் பேனாவால் விலக்கினார். நீலத் துணிக் கீற்றுகள், சொதசொதவென்று. நடுவே எலிப் புழுக்கை. “எலி மூத்திரம் ஊறுன துணி. இதக் காயத்துல சுத்துனா எலிக்காய்ச்சல் கிருமி நேரா ரத்தத்துக்குப் போயிரும். டாக்டர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம ஆன்டிபயாட்டிக் ஊசி ஆரம்பிச்சுட்டாரு. இதக் கட்டி விட்டது யாரு?”

ஜோதிகா அந்த மூட்டையைப் பார்த்தாள். பத்து நாளைக்கு முன் அடைமழையில், ஈரத்துணி எரிச்சலுக்கு இதமாக இருக்குமென்று அதிலிருந்து உருவிக் கட்டியவள் அவள்தான். வாயை மூடிக்கொண்டால் தப்பித்துவிடலாம். சொன்னால் மயிலாள் விடவே மாட்டாள். ஆனால் அவள் கட்டியது மூன்று விரலில் மட்டுமில்லையே.

“நாந்தான்க்கா. நாலு பேருக்கு.”

“நாலா?” வேல்குமாரின் பேனா நின்றது.

“அனிதாவுக்கும். முந்தாநேத்துக் காலு வலிக்குதுன்னு லீவு போட்டு அவ ஊரு சேவூருக்குப் போயிட்டா.”

“பாத்தீங்களா, அவ வாயாலயே சொல்லிட்டா!” என்றாள் மயிலாள்.

“ஜோதிகாகிட்ட அவ போனைக் குடுங்க,” என்றார் சாமியாத்தாள்.

ஜோதிகா ஸ்பீக்கரில் போட்டு அழைக்க, அனிதாவின் அம்மா எடுத்தாள். “எந்திரிக்கவே மாட்டீங்குது கண்ணு. காலையிலிருந்து மூத்திரமும் போகலே.”

வேல்குமார் அதற்குள் ஆம்புலன்ஸுக்கு ஊர்ப்பெயர் சொல்லிக்கொண்டிருந்தான்.

“இப்பவே ஊசி போட்டா சிறுநீரகத்தக் காப்பாத்தப் பாக்கலாம். நாளைக்குன்னா கஷ்டம்,” என்ற சாமியாத்தாள், மயிலாள் பக்கம் திரும்பினார். “பூட்டி வெச்சதுக்குப் போலீசுல நீங்கதானுங்க பதில் சொல்லோணும்.”

மயிலாள் நிலைப்படியிலேயே நின்றாள். ஜோதிகா மரத்துப்போன காலை ஊன்றி எழுந்தாள்.

“தள்ளுங்கக்கா. நான் அனிதாகிட்டப் போகணும். கட்டி விட்டது நாந்தான்னு நானே சொல்லணும்.”