கையெழுத்துப் போட்ட சாயங்காலம்

கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பாகி நாலு மாதம் ஆன பிறகும், பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கு ஊதிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் மயிலம்மாளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எட்டிப் பார்த்தால் யாரும் இருப்பதில்லை. அந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும், அவள் புருஷனாக இருந்த தங்கையன் இப்போது ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தான்; மன்னார்புரம் பக்கமே வருவதில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம், காது மறக்க நாளாகும் என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணன் அழகிரி வாரம் தவறாமல் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

"ஒண்டியா இந்த வீட்டைக் கட்டிக்கிட்டு என்ன பண்ணப்போற? வித்துட்டு எங்களோட வந்துடு."

"என் நகையப் போட்டுக் கட்டுன வீடுண்ணே."

"பாதி அவரு பேர்லல்ல இருக்கு?"

பதில் சொல்லச் சொல்ல அவளுக்கு வாய் சலித்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு ஒரு நாள், சைக்கிள் சத்தத்துக்குப் பின்னால் மெஷின் எண்ணெய் வாடை கூடத்துக்குள் நுழைந்து, அவள் தோளை உரசுவதுபோல் கடந்து, சமையலறை வழியாகக் கொல்லைக்குப் போயிற்று. அங்கே யாரோ சொம்பு சொம்பாகத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. போய்ப் பார்த்தாள். குளிக்கும் கல் காய்ந்து கிடந்தது.

மறுநாளே அண்ணனுக்குக் கார்டு போட்டாள்: வித்துடலாம்.

ஒப்பந்தப் பத்திரத்தோடு அழகிரி வந்தார். தங்கையனும் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தான். இளைத்திருந்தான்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேங்க."

அவன் கையெழுத்துப் போட்டுப் பேனாவை நீட்டினான். சங்கு ஊதியது. அவள் கை நின்றது.

"போடும்மா," என்றார் அண்ணன்.

போட்டாள்.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு விழுந்தது.

அவளுக்கு மட்டுந்தான் கேட்கும் என்றிருந்தாள். தங்கையன் தலையைத் தூக்கினான்.

"யாரு சைக்கிளு?"

அழகிரியும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பைக் கழற்றும் சத்தம். எண்ணெய் வாடை.

"மயிலு, தண்ணி கொண்டா."

தங்கையனின் குரல். தங்கையன் வாயைப் பொத்திக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

அவள் எழவில்லை.

"இந்தா வந்துட்டேங்க."

சமையலறையிலிருந்து. அவளுடைய குரல்.

வளையல் சத்தம். ஒருத்தி சொம்போடு வெளியே வந்தாள். அவளுடைய முகமேதான். ஆனால் அந்த முகத்தில் களைப்பே இல்லை. மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். வாசல் பக்கம் திரும்பினாள்.

"நம்ம வீட்டுக்குள்ள யாருங்க இவங்க?"

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தவன், நிதானமாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.