கடைசிக் காட்சி பார்க்காத விமர்சகர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் குருபரப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கினார் ஆனந்தராஜ். நெடுஞ்சாலையை ஒட்டி, முன்பு கிரானைட் கல்லுக்குப் பாலிஷ் போட்ட ஷெட் ஒன்று இருக்கிறது. முனிலட்சுமியின் நாடகக் குழு இப்போது அங்கேதான் ஒத்திகை பார்க்கிறது. புது நாடகம், வந்து பார்த்து எழுதுங்கள் என்று அவள்தான் போனில் கூப்பிட்டிருந்தாள்.

ஆனந்தராஜுக்கு ஓசூர்க் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. மாதப் பத்திரிகை ஒன்றில் நாடக விமர்சனமும் எழுதுவார். அவர் பேனாவுக்குப் பயப்படாத குழு இந்த வட்டாரத்தில் கிடையாது. ஆனால் ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. நைட் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்க, மனுஷன் எப்போதும் கடைசிக் காட்சிக்கு முன்பே நழுவிவிடுவார். மிச்சத்தைக் கதைச் சுருக்கத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதுவார். பதினோரு வருஷமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஷெட்டுக்குள் நடிகர் ஒருவரையும் காணோம். மேடைக்கு எதிரே ஒற்றை நாற்காலி. கல்தூசியும் அரிதாரமும் கலந்த வாடை.

"மத்தவங்க எங்கம்மா?"

"யாரும் வர்றதில்ல சார். பயப்படறாங்க."

முனிலட்சுமி மேக்கப் பெட்டியைத் திறந்தாள். மூடியின் உள்பக்கம் பூராவும் பழைய விமர்சனங்கள் ஒட்டியிருந்தன. அந்தக் குழுவில் அதைப் படித்துவிட்டுத்தான் வேஷம் கட்டுவார்கள். கடைசியாக ஒட்டியது, அவள் புருஷன் நாராயணப்பன் நடித்த நாடகத்தைப் பற்றி ஆனந்தராஜ் எழுதியது. 'நாராயணப்பன் சாகும் காட்சி கொஞ்சமும் நம்பும்படி இல்லை.'

"அன்னிக்கி எங்க வூட்டுக்காரரு நடிக்கல சார். அந்தக் காட்சியில நெசமாவே உசுரு போயிடுச்சு. சனங்க கை தட்டிக்கினே இருந்தாங்க. அப்பறம் சொந்த ஊரு நாட்றாம்பாளையத்துக்கு எடுத்துக்கினு போயி அடக்கம் பண்ணோம்."

ஆனந்தராஜ் தான் எழுதிய வரியையே திரும்பப் படித்தார்.

"இத ஒட்டின நாள்லருந்து தெனம் வந்து மேடையில வுழறாரு. செத்தும் சரியா சாகலன்னு எழுதிட்டாங்களேன்னு மனசு ஆறல போல." அவள் கை கூப்பினாள். "நீங்க கடைசி வரைக்கும் இருந்தீங்களா சார்? இல்லன்னா இல்லன்னு எழுதிடுங்க. போயிடுவாரு. உங்க கால்ல வேணா வுழறேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை. சொன்னால் பதினோரு வருஷப் பேர் சந்தி சிரித்துவிடும்.

"பாத்தேம்மா. முழுசா இருந்து பாத்தேன்."

தொம்.

மேடையில் யாரும் இல்லை.

பலகையிலிருந்து தூசி மட்டும் எழும்பி அடங்கியது.

அதற்கு மேலும் நிற்பாரா அவர்? ஒற்றைச் செருப்போடு ரோட்டுக்கு ஓடி, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கதவை உள்தாழ்ப்பாள் போட்டார். லேப்டாப்பைத் திறந்து, 'அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை' என்று அடித்தார். உண்மைதான். ஆனால் கீழே தன் பெயரைப் பார்த்ததும் மனசு வரவில்லை. அதை அழித்துவிட்டு வேறு எழுதினார். 'சென்ற முறை தவறாக மதிப்பிட்டேன். நாராயணப்பனின் சாவு அற்புதம். கண்ணால் கண்டவன் சொல்கிறேன்.'

அறைக்குள் அரிதார வாடை வந்தது.

முதுகுக்குப் பின்னால், தொம்.

யாரோ மூச்சுக்குத் திணறும் சத்தம். அது மெல்ல அடங்கியது. பிறகு கையூன்றி எழும் சத்தம்.

மறுபடியும், தொம்.

ஆனந்தராஜ் திரும்பவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "ஐயோ, தப்புதான்யா, தப்புதான்!" என்று அழுதார். கதவு தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

அரிதார மாவு படிந்த குளிர்ந்த விரல்கள் அவர் தாடையைப் பிடித்து, முகத்தை மெதுவாகப் பின்பக்கம் திருப்பின.

"இந்த தடவ இருந்து பாத்துட்டு எழுதுங்க சார்."