அறுபதில் ஒரு பொட்டு

அந்த வெள்ளை அம்பாசிடர் காரில் எந்த முள்ளும் அசையாது. வேகம் காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கும். டீசல் முள்ளும் சூடு காட்டும் முள்ளும் அப்படியேதான். ஆனாலும் சிதம்பரத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் காரைத்தான் கேட்பார்கள். அதை ஓட்டுவது கயல்விழியின் அம்மா ஸ்ரீமதி.

முன்பு அப்பா ஓட்டினார். இரண்டு வருடங்களுக்கு முன் காய்ச்சலில் படுத்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

போன வாரம் பரங்கிப்பேட்டை ரோட்டில் கார் குபுகுபுவென்று புகைந்து நின்றுவிட்டது. எஞ்சின் கொதித்தது அம்மாவுக்குத் தெரியவில்லை. பட்டு வேட்டி மாப்பிள்ளை கழுத்தில் மாலையோடு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார். கயல்விழிக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

"எல்லா மீட்டரையும் மாத்தித்தான் ஆவணும் ஸ்ரீமதி. இன்னொரு தபா கொதிச்சா எஞ்சினே போயிடும்" என்றார் பழனிவேல் மாமா. அவர் அம்மாவின் அண்ணன். கடலூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்.

"மாத்திடுண்ணா" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே போய், தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.

ஏன் என்று கயல்விழிக்குத் தெரியும். வேக மீட்டரின் கண்ணாடியில் ஒரு சந்தனப் பொட்டு இருக்கிறது. அப்பா கொண்டாடிய கடைசி ஆயுத பூஜையில் வைத்தது.

"கண்ணாடில எதுக்குப்பா பொட்டு?" என்று அன்று அவள் கேட்டாள்.

"இது அறுபது. உங்கம்மா இப்பத்தான ஓட்டக் கத்துக்கறா? முள்ளு பொட்டத் தொட்டா போதும். அதுக்கு மேல வேணாம்" என்றார் அப்பா.

அம்மா தனியாக ஓட்டத் தொடங்கியபோது முள் நின்றுபோயிருந்தது. காய்ந்த சந்தனத்தில் அப்பாவின் கட்டைவிரல் ரேகை மட்டும் தெளிவாக இருந்தது. கார் துடைக்கும்போதெல்லாம் அம்மா அந்த இடத்தை விட்டுவிடுவாள்.

மாமா பழைய மீட்டரைக் கழற்றினார். கண்ணாடியில் ஏதோ அழுக்கு என்று நினைத்துத் துணியை எடுத்தார்.

"துடைக்காதீங்க மாமா!"

கயல்விழி போட்ட சத்தத்தில், மாமா வாயில் கவ்வியிருந்த ஸ்க்ரூ கீழே விழுந்தது.

"அது அப்பா வெச்ச பொட்டு மாமா."

மாமா துணியைக் கீழே வைத்துவிட்டார்.

"மச்சான் வெச்சதா? சரி கண்ணு, இந்த மீட்டர அப்பிடியே வூட்டுக்கு எடுத்துட்டுப் போ. அப்பா போட்டோ பக்கத்துல வெச்சிக்கலாம்" என்றார்.

கயல்விழி யோசித்தாள். வீட்டில் இருந்தால் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் போட்டோ பக்கத்தில் வைக்கவா அப்பா பொட்டு வைத்தார்? அம்மா ஓட்டும்போது பார்க்கத்தானே வைத்தார்?

அவள் மீட்டரை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது.

"மாமா, இந்த வளையத்தக் கழட்டினா கண்ணாடி தனியா வருமா?"

"வரும்."

"அப்ப இதையே புது மீட்டர் மேல போட்டுட்டா?"

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைப் பக்குவமாகப் பெயர்த்தெடுத்துப் புது மீட்டரின் மேல் வைத்தார். அது கொஞ்சம் பெரிதாக இருந்தது, ஆடியது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி இடையில் கொடுத்ததும் ஆட்டம் நின்றது. கண்ணாடி மேல் வளையத்தை மாட்டி அழுத்தப் போனார்.

"இருங்க மாமா! பொட்டு இருபதுல இருக்கு. இப்பிடி வெச்சா எங்கம்மா சிதம்பரம் போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்."

மாமா சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். பொட்டு நாற்பதைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டி, அறுபதில் வந்து உட்கார்ந்தது.

அம்மா காரில் ஏறினாள். புது மீட்டரைப் பார்க்க மனமில்லாமல் சாவியைத் திருகினாள். பிறகு பார்த்தாள். அவள் கை அந்தப் பொட்டு வரை போய், தொடாமல் திரும்பியது.

ஆலப்பாக்கம் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. முள் ஏறியது. நாற்பது. ஐம்பது. மெல்ல நகர்ந்து அப்பாவின் பொட்டைத் தொட்டது.

அம்மா காலைத் தளர்த்தினாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"உங்கப்பா போதும்ங்கறாரு" என்றாள்.

முள் ஒரு நூல் கீழே இறங்கியது. சிதம்பரம் வரை அது பொட்டைத் தாண்டவே இல்லை.